ரேகை: ‘நம்ம குடும்பம்’ குரூப், ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12

சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். நம்ம புது வீட்டு சைட்ல நேத்து ராத்திரி டிரில்லிங் மிஷினும் ஒயர் காயில் மூணும் காணாமப் போச்சு

சித்தப்பா: (போட்டோ)

சித்தப்பா: இந்த அஞ்சு பேருல ஒருத்தன்தான். எல்லாம் வடக்கனுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியல?

அத்தை: ஆமாண்டா, கண்ணே சரியில்ல. ரெண்டாவதா நிக்கிறான் பாரு, அவன் முழிய

அத்தை: எங்க அபார்ட்மெண்ட்லயும் இவனுங்கதான் டைல்ஸ் வேலைக்கு வர்றானுங்க. எங்க குரூப்லயும் போட்டு வைக்கிறேன், உஷாரா இருக்கட்டும்

அம்மா: போலீஸ்ல சொன்னீங்களா தம்பி?

சித்தப்பா: எழுதிக் குடுங்கன்னாங்க மதினி. அதெல்லாம் ஆவுறதா. வெள்ளக்காரன் இருந்திருந்தா இந்நேரம் நாலு சாத்து சாத்திப் பொருள வாங்கிக் குடுத்திருப்பான். அவன் போனான், எல்லாம் போச்சு

காலை 7:40

அக்கா: சித்தப்பா, இவங்க எடுத்தத யாராச்சும் பாத்தாங்களா?

சித்தப்பா: பாக்கணுமாக்கும்? ராத்திரி சைட்ல தங்குறது இவனுங்க அஞ்சு பேருதான்

அக்கா: சாவி யார் யார்கிட்ட இருக்கு?

சித்தப்பா: மேஸ்திரிகிட்ட ஒண்ணு, எலக்ட்ரீஷியன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு

அக்கா: அப்ப அவங்க ரெண்டு பேரு போட்டோ எங்க?

சித்தப்பா: மேஸ்திரி நம்ம ஊர்க்காரம்மா. எலக்ட்ரீஷியன் நம்ம பய

அக்கா: ம்

அக்கா: அஞ்சு பேரையும் சுவத்தோரமா நிக்க வச்சு, ஆளுக்கு ஒரு ஆதார் கார்ட நெஞ்சுக்கு நேராப் பிடிக்கச் சொல்லி எடுத்திருக்கீங்க. பேரு, நம்பர், விலாசம் எல்லாம் படிக்க முடியுது. முதல்ல அத எடுங்க சித்தப்பா. கடைசியில நிக்கிற பையனுக்கு மீசையே இன்னும் சரியா முளைக்கல

சித்தப்பா: வக்கீலுக்குப் படிக்க வச்சது இதுக்குத்தானா. பொருள் போனவன் நானு. உனக்கு இந்திக்காரன் மேல பாசம்

நான்: சித்தப்பா, அந்தக் கார்ட பெருசு பண்ணிப் பாருங்க. நாலு பேருக்கு ஒடிசா, கஞ்சாம் மாவட்டம்னு இருக்கு. அவங்க பாஷை ஒடியா. இந்தி அவங்களுக்கும் ஊரான் பாஷைதான்

சித்தப்பா: எல்லாம் ஒண்ணுதான்

நான்: இன்னொண்ணு. 1936 ஏப்ரல்ல ஒடிசான்னு தனி மாகாணம் ஆகுற வரைக்கும் கஞ்சாம் நம்ம மதராஸ் மாகாணத்துலதான் இருந்துச்சு. அந்தப் பையனோட பூட்டனும் நம்ம பூட்டனும் ஒரே கவர்னருக்குக் கும்பிடு போட்டவங்க

பினாங்கு மாமா: அப்ப அவனும் மதராஸிதான்னு சொல்லு 😂

அக்கா: மதராஸின்னதும் ஞாபகம் வருது. அத்தை, நீங்களும் மாமாவும் பம்பாயில இருந்தீங்கள்ல?

அத்தை: மாதுங்காவுல. 69ல கல்யாணம் ஆன கையோட போனது. இப்ப எதுக்கு அது

அக்கா: சும்மா சொல்லுங்க

அத்தை: என்னத்தச் சொல்ல. நெல்லூர்க்காரன், கொச்சிக்காரன், உடுப்பிக்காரன் எல்லாரும் அவங்களுக்கு மதராஸிதான். பால்காரன்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. சிவசேனா 66ல ஆரம்பிச்சது, நாங்க போறப்ப சூடா இருந்துச்சு. ‘பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி’ன்னு கத்துவாங்க, ஊதல ஊது, லுங்கிய விரட்டுன்னு. எங்க வேலைய எல்லாம் நீங்க வந்து பிடுங்கிட்டீங்கன்னு கோவம். உங்க மாமா வீட்டுக்குள்ள கட்டுற கைலியோட தெருமுனை கடைக்குக்கூடப் போக மாட்டாரு. பால் வாங்கணும்னாலும் பேண்ட் மாட்டிக்கிட்டுத்தான். காயப்போட்ட கைலிய வெளிக் கொடியில போடாதன்னு என்னத் திட்டுவாரு

அத்தை: ஆனா அது வேறடி. நாங்க உழைக்கப் போனோம்

அக்கா: இவங்க கொடைக்கானல் சுத்திப் பாக்கவா வந்திருக்காங்க?

காலை 8:25

பினாங்கு மாமா: இங்க எங்களுக்கு இருக்கிற பேரு தெரியும்ல. கெலிங். ஜார்ஜ் டவுன்ல பழைய மசூதிக்கே கப்பித்தான் கெலிங்னு பேரு, அப்ப அது கெட்ட வார்த்தை இல்ல. கலிங்கத்துல இருந்து வந்த சொல்லும்பாங்க. நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப அந்தச் சொல்லச் சொன்னா சட்டை கிழியிற வரைக்கும் சண்டை

பினாங்கு மாமா: உண்மையச் சொல்லணும்னா நானும் யோக்கியன் இல்ல மச்சான். பங்களாதேஷ்ல இருந்து வேலைக்கு வர்ற பசங்கள நாங்க எல்லாரும் ‘பங்ளா’ன்னுதான் கூப்பிடுறோம். என் கடையில ஒருத்தன் மூணு வருசமா இருக்கான். இந்த மெசேஜ் அடிக்கிறப்பத்தான் யோசிக்கிறேன், சம்பளச் சீட்டப் பாக்காம அவன் பேரு எனக்குச் சொல்லத் தெரியல

நான்: நம்ம ‘கூலி’யே அப்படித்தானே மாமா. வேலைக்குக் குடுக்கிற காசுக்கு நாம வச்ச பேரு. வெள்ளக்காரன் அத ஆளுக்கு வச்சு, கப்பல்ல ஏத்தி, தென்னாப்பிரிக்காவுல டர்பன் வரைக்கும் கொண்டுபோய் வசவாக்கிட்டான். 1860ல மதராஸ்ல இருந்து போன ட்ரூரோ கப்பல்தான் அங்க முதல்ல போய் இறங்குனது. அப்புறம் அங்க வக்கீலாப் போன காந்தியே ‘கூலி பாரிஸ்டர்’தான்

சித்தப்பா: ஆரம்பிச்சிட்டான்டா வாத்தியாரு. நான் டிரில்லிங் மிஷினக் கேட்டா இவன் கப்பல் விடுறான்

நான்: நீங்கதான சித்தப்பா மூஞ்சியப் பாத்தாலே தெரியும்னீங்க. அதுக்குன்னே எழும்பூர் மியூசியத்துல ஒரு தொரை இருந்தாரு. எட்கர் தர்ஸ்டன். 1885ல இருந்து 1908 வரைக்கும் அவர்தான் அங்க சூப்பிரண்ட். கவட்டை மாதிரி ஒரு இரும்புக் கருவிய வச்சு ஜனங்களோட மூக்கு அகலம், மண்டை நீளம் எல்லாம் அளந்து எழுதி வச்சாரு. 1909ல ஏழு புஸ்தகமா வந்துச்சு, எந்த ஜாதி எப்படிப்பட்டதுன்னு. போலீஸ்காரங்களுக்கும் இந்த அளவெடுக்கிற வித்தையச் சொல்லிக் குடுத்தாரு. வடக்க ரிஸ்லின்னு இன்னொருத்தரு, 1901 சென்சஸ் அவரு பொறுப்பு. மூக்கு எவ்வளவு அகலமோ ஜாதி அவ்வளவு கீழன்னு கணக்கே போட்டு வச்சிருந்தாரு

அம்மா: அதான் இன்னும் பொண்ணு பாக்குறப்ப மூக்கும் முழியுமா இருக்கா, கலரா இருக்காளான்னு கேக்குறாங்களோ

அத்தை: என்னையச் சொல்ற மாதிரி இருக்கு

அம்மா: பொதுவாச் சொன்னேன் அண்ணி

காலை 9:05

அக்கா: சித்தப்பா, வெள்ளக்காரன் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பான்னு நீங்க கேட்டதுக்கு வரேன். 1871ல குற்றப்பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு போட்டான். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அதனால திருடன் மகனும் திருடன்தான்னு அவன் சட்டசபையிலயே பேசி நிறைவேத்துனது. முதல்ல வடக்க. 1911ல திருத்தி நம்ம மாகாணத்துக்கும் கொண்டு வந்தான். ஒரு பய ஒண்ணும் திருடியிருக்க வேண்டாம், அந்தக் கூட்டத்துல பொறந்திருந்தாப் போதும். பேரு பதியணும், பத்து விரலையும் மையில உருட்டி ரேகை வைக்கணும்

சித்தப்பா: எனக்குத் தெரியாதா. பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ல அந்தச் சட்டத்த எதிர்த்த நம்ம சனத்தச் சுட்டான்ல. வருசா வருசம் மாலை போடப் போறேன்ல நானு

அக்கா: போறீங்க. அதான் கேக்குறேன்

சித்தப்பா: அதான் சட்டம் போயிருச்சே. விடு

அக்கா: நம்ம மாகாணத்துல 1947ல போச்சு. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31. ஆனா 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, சில மாநிலத்து ஜெயில் மேனுவல்ல இன்னும் ஜாதி பாத்து வேலை பிரிக்கிறது, அந்தப் பழைய பட்டியல்காரங்கள சந்தேகமாப் பாக்குறதுன்னு எழுதியே வச்சிருந்தத நீக்கச் சொல்லி. எழுபது வருசம் கழிச்சு. நீங்க, பெரியப்பா, அப்பா மூணு பேரும் படிச்சது எந்தப் பள்ளிக்கூடம்? கள்ளர் சீரமைப்புப் பள்ளி. யாரைச் சீரமைக்க?

பெரியப்பா: (குரல் பதிவு 3:52)

அத்தை: எனக்குக் காதுல விழாது, யாராச்சும் எழுதுங்கப்பா

நான்: பெரியப்பா பேசுனத அப்படியே போடுறேன் அத்தை 👇

“ஏய் சின்னவனே, சத்தம் போடாமக் கேளு. பாப்பா சொல்றது புஸ்தகத்துல இருக்கிறது. நான் சொல்றது நம்ம வீட்டுல நடந்தது. ஐயா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு, அதுவும் சாகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில வச்சு. அவரு ரேகை வச்சவருடா. கல்யாணம் ஆன புதுசுல பொழுது சாஞ்சாப் போலீஸ் டேசனுக்குப் போயிரணும். அங்கன திண்ணையிலதான் படுக்கணும். ஆத்தாவுக்கு மொதப் பிரசவம் ராத்திரியில. இவரு அங்க படுத்துக் கெடக்காரு. விடிஞ்சு வந்துதான் பிள்ளை மொகத்தப் பாத்தாரு. அடுத்த ஊருக்குச் சம்பந்தம் பேசப் போகணும்னாலும் ராதாரிச் சீட்டு வாங்கணும். எங்கயோ ஆடு காணாமப் போனா இவங்கள வரிசையா நிக்க வைப்பான். திருடுன ஆள் ஆப்பிட்டாலும் சரி, ஆப்பிடாட்டியும் சரி, வரிசையில நின்னது நின்னதுதான்.

விரல்ல மை போகாதாம். சீயக்காயப் போட்டுத் தேய்ப்பாராம். அதனாலதான் அவரு கைநாட்டே வைக்க மாட்டேன்னாரு. வடக்குக் காடு பத்திரம் பதியப் போனோம் பாரு, மைப்பெட்டியக் கொண்டாந்து வச்சான். ஐயா எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் போனாரு, பேர எழுதக் கத்துக்கிட்டு. எழுத்துக் கூட்டத் தெரியாது அவருக்கு. பேர மட்டும் கோலம் மாதிரி வரையப் பழகிக்கிட்டாரு.

நமக்காகக் கோர்ட்டுல நின்னது யாரு? மலையாளத்துக்காரரு. ஜார்ஜ் ஜோசப். நம்ம பாஷையும் இல்ல, சாமியும் இல்ல, ஜாதியும் இல்ல. ரோசாப்பூ தொரைன்னு நம்ம சனம் கும்பிட்டுச்சு. நம்ம ரோசாப்பூ பெரியாத்தாளுக்கு அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச? போட்டோவ எடுறா.”

காலை 9:48

பினாங்கு மாமா: 🙏

அத்தை: ஐயா இதெல்லாம் என்கிட்டச் சொன்னதே இல்லையே

பெரியப்பா: (குரல் பதிவு 0:06)

நான்: “பொட்டப்பிள்ளைகிட்டச் சொல்ல மானம் போகுதுன்னாரு.”

காலை 10:20

சித்தப்பா: என் சிலேட்டு

அம்மா: என்ன தம்பி?

சித்தப்பா: நான் ரெண்டாப்பு படிக்கிறப்ப. ராத்திரியில என் சிலேட்ட எடுத்து வச்சுக்கிட்டு ஐயா கிறுக்கிக்கிட்டே இருப்பாரு. குச்சிய எல்லாம் ஒடிச்சுருவாரு. காலையில வாத்தியாரு குச்சி எங்கடான்னு அடிப்பாரு. அந்த ஒரே பேரு, அம்புட்டுத் தடவை எழுதி அழிச்சு அழிச்சு சிலேட்டே வெளுத்துப் போச்சு. ஐயாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு பயந்துபோய் ஆத்தாகிட்டச் சொன்னேன். ஆத்தா வாயப் பொத்திக்கிட்டு இருன்னுச்சு

சித்தப்பா: இதுக்குன்னு தெரியாது

அம்மா: எல்லாம் சரி. நானும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப நம்ம வீட்டுப் பின்வாசல்ல ஒரு கொட்டாங்குச்சி கவுத்தி வச்சிருப்பாங்க. களை எடுக்க வர்ற பொம்பளைங்க அதுலதான் தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. சொம்பத் தொடக் கூடாது. அத வச்சதும் ஐயாதான். எழுதுறதுன்னா அதையும் சேத்து எழுது

(பெரியப்பா குரல் பதிவு செய்கிறார்…)

(பெரியப்பா குரல் பதிவு செய்கிறார்…)

காலை 10:44

அக்கா: பெரியப்பா?

பெரியப்பா: 🙏

காலை 10:51

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: எடுத்துட்டேன். மேஸ்திரிய வரச் சொல்லியிருக்கேன், சாவி ரெண்டையும் வாங்கணும். எலக்ட்ரீஷியன் போன எடுக்கல. பொருள் இன்னும் கிடைக்கலைங்கிறதயும் நீங்க எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க

அக்கா: சரி சித்தப்பா. ஸ்டேஷன்ல புகார் நானே எழுதித் தரேன். யார் பேரும் போடாம

அத்தை: டேய், எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல போட்டேன்ல, அது இங்க எடுத்தா அங்கயும் போயிருமா?

நான்: போகாது அத்தை. நீங்கதான் அங்க எடுக்கணும்

அத்தை: எடுத்துட்டேன் எடுத்துட்டேன்

அத்தை: ஆனா செகரட்டரி ஏற்கனவே பிரிண்ட் எடுத்துட்டாராம். கேட் பக்கத்துல வாட்ச்மேன் ரூம் கண்ணாடியில ஒட்டியிருக்காங்களாம், உள்ள விடாதீங்கன்னு எழுதி

சித்தப்பா: கிழிக்கச் சொல்லு

அத்தை: சொன்னேன். மீட்டிங் போட்டுத்தான் எடுக்க முடியுமாம்

சித்தப்பா: எந்த அபார்ட்மெண்ட், எந்த கேட்டு? விலாசத்த அனுப்புக்கா. வண்டிய எடுக்கிறேன்