உண்ணிச்செடி, பார்த்தீனியம்: ஆனேக்கல் பக்கம் யாராவது ஒழிச்சிருக்கீங்களா?

வணக்கம். பெங்களூரு, ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் நிலம். வேலியோரம் முழுக்க உண்ணிச்செடி, நடுவில் பார்த்தீனியம். போன கோடையில் ஜேசிபி விட்டு உண்ணியை வழிச்சோம். மழை விழுந்ததும் மண்ணில் தங்கின ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து தளிர். இப்போ இடுப்புயரம், அடியில் ஒரு புல்கூட இல்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னாடியே கையுறை போட்டுப் பிடுங்கியும் திரும்ப முளைக்குது. அம்மாவுக்கு முழங்கை வரை அரிப்பு, அதுதான் பெரிய கவலை. பார்த்தீனியத்தைத் தின்னு அழிக்கட்டும்னு 1984-ல் பெங்களூரில் விட்ட மெக்சிகோ வண்டு இங்கேயும் இருக்கு, ஆனா மழைக்காலத்தில்தான் அதோட இலையைத் தின்னுது. கிணறு பக்கத்திலேயே இருக்கறதால களைக்கொல்லி வேண்டாம். உண்ணியோட ஆணிவேரை மண்ணுக்குக் கீழே 3–5 செ.மீ. ஆழத்தில் வெட்டி, புதரைத் தலைகீழாக் கவிழ்க்கிற முறையை இங்கே செஞ்சவங்க யாராவது, எந்த மாதம் செஞ்சா திரும்பத் துளிர்க்காதுன்னு சொல்ல முடியுமா?