கோபோ பச்சையாக மாறிவிட்டது, சாப்பிடலாமா?

டோக்கியோ மருமகள்:
முருங்கைக்காய் ஏக்கத்தில், அதே நீளத்துக்குக் கடையில் மண்ணோடு நின்ற கோபோவை வாங்கி வந்துவிட்டேன். பர்டாக் வேர் என்பார்களே, அதுதான். நறுக்கி முடிப்பதற்குள் முதலில் வெட்டிய துண்டுகள் பழுப்பாகிவிட்டன. தண்ணீரில் போட்டேன், அது டீத்தண்ணி மாதிரி ஆனது. சரி, பொரியல்தானே என்று அடுப்பில் ஏற்றினேன். கொண்டைக்கடலைக்குப் போடுகிற பழக்கத்தில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போட்டேன். மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பாசி பிடித்தது போலப் பச்சை! வீட்டுக்காரர் "நீ முதல்ல சாப்பிடு" என்கிறார். கொட்டிவிடவா?

லேப் கோட்டு:
கொட்டாதீர்கள். குற்றவாளி உங்கள் ஆப்பசோடாதான். கோபோவில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய உண்டு. காபிக்கொட்டையிலும் கத்தரிக்காயிலும் இருப்பதுதான். சோடா மாதிரிக் காரப்பொருள் சேர்ந்தால் இது கிழங்கில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பச்சை நிறம் தரும். ஜப்பானியர்கள் கொன்யாக்கு என்கிற கிழங்கு ஜெல்லியோடு சேர்த்துச் சமைக்கும்போதும் இப்படி ஆவதுண்டு, ஏனென்றால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை.

நறுக்கியதும் பழுப்பானதற்கும் காரணம் அதே அமிலம்தான். கத்தி பட்டதும் கிழங்கின் நொதி அதைக் காற்றோடு சேர்த்துப் பழுப்பாக்குகிறது. வாழைப்பூவை ஏன் மோரில் போடுகிறோம்? புளிப்பில் அந்த நொதி அடங்கிவிடும். இங்கே வினிகர் கலந்த தண்ணீரில் போடுவார்கள்.

ஒசாகா அத்தை:
பதினைந்து வருஷமாக இங்கே கோபோ சமைக்கிறேன், ஒன்று சொல்கிறேன் கண்ணு. தோலைச் சீவாதே. கத்தியின் முதுகால் மண் போகச் சுரண்டினால் போதும். வாசனை எல்லாம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. பென்சில் சீவுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றிச் சீவி, இரண்டே நிமிஷம் தண்ணீரில் போட்டு எடு. அரைமணி நேரம் ஊறவிட்டால் ருசியைச் சாக்கடையில் ஊற்றுகிறாய் என்று அர்த்தம். இரும்புச் சட்டி வேண்டாம், கறுத்துப்போகும். எள்ளெண்ணெயில் வதக்கி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, மிளகாய் போட்டால் கின்பிரா, இந்த ஊர்ப் பொரியல். நம் நல்லெண்ணெயில் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டாலும் அதேதான்.

டோக்கியோ மருமகள்:
அத்தை, நன்றி! சாப்பிட்டோம், ருசி பரவாயில்லை. ஆனால் ராத்திரி முழுக்க இரண்டு பேருக்கும் வயிறு கடமுடா. அதுவும் சோடாவா?

லேப் கோட்டு:
இல்லை, இன்யூலின். கோபோ தன் சர்க்கரையை அரிசி மாதிரி மாவுச்சத்தாகச் சேர்த்து வைப்பதில்லை, பிரக்டோஸ் சங்கிலியாக வைக்கிறது. சிறுகுடலில் அது செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து, மிச்சம் காற்று. 100 கிராம் கோபோவில் நார்ச்சத்து மட்டும் 5.7 கிராம். முதல்நாள் ஒரு கைப்பிடி போதும். நம் காபித்தூளில் கலக்கிற சிக்கரி வேரிலும் இதே இன்யூலின்தான். வறுக்கும்போது அது கருகித்தான் அந்த நிறம் வருகிறது. இங்கே விற்கும் வறுத்த கோபோ டீயைக் குடித்துப் பாருங்கள், ஃபில்டர் காபிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பேன்.

இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று கோபோ பொடி விற்பவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பெருமையடிக்கும் ஆர்க்டியின் என்கிற பொருள் அதிகம் இருப்பது விதையில், வேரில் இல்லை.

டோக்கியோ மருமகள்:
பொடி ஏற்கெனவே ஆர்டர் போட்டாயிற்று. ரத்து செய்கிறேன். அடுத்த கோபோ மோரில் ஊறிக்கொண்டிருக்கிறது அத்தை, இரண்டு நிமிஷம்தான்.