பலடின் 5, வோர்லொக் 5: மூன்றாவது அடி விழுமா?

தெஹிவளை ட்ரூயிட்: நேற்று ஒருவர் அளந்திருந்தார், "பால்டர்ஸ் கேட் 3 கேமில் ஒரே ஆளுக்குப் பலடின் வீரன், வோர்லொக் மந்திரவாதி என்ற இரண்டு கிளாஸையும் ஐந்து ஐந்து லெவலாகக் கலக்காதவனுக்கு விளையாடவே தெரியாது, ஒரு அக்‌ஷனில் மூன்று அடி" என்று. பத்திக்கொண்டு வந்தது. ஆகக் கடினமான ஒனர் மோட்டில் அந்த மூன்றாவது அடி விழாது ஐயா.

வெள்ளவத்தை வாள்: எழுதியது நான்தான். பெயர் சொல்லப் பயமோ? வழக்கமான அடி ஒன்று, பலடின் ஐந்தாம் லெவலில் ஒரு எக்ஸ்ட்ரா அட்டாக், பிளேட் பக்ட் என்ற ஆயுத ஒப்பந்தம் எடுத்த வோர்லொக்குக்கு ஐந்தில் இன்னொன்று. எண்ணிப் பாரும், மூன்று.

தெஹிவளை ட்ரூயிட்: சாதாரண மோட்டில் விழும், யார் இல்லை என்றது? 2023 நவம்பரில் ஐந்தாவது பட்ச் அப்டேட்டோடு வந்த ஒனர் மோட்டில் இரண்டும் சேராது. இரண்டே அடி.

வெள்ளவத்தை வாள்: ஒனர் மோட் என்று நான் சொன்னேனா? மூன்று அடி.

கொட்டாஞ்சேனை கொப்ளின்: அடியை விடுங்கோ அண்ணா. 5, 5 என்று பிரித்தால் ஃபீட் என்ற கூடுதல் திறமை இரண்டுதான். ஒரே கிளாஸில் போனால் 4, 8, 12ஆம் லெவல்களில் மூன்று. பால்தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிகிற வேலை இது.

வெள்ளவத்தை வாள்: தம்பி, ஸ்லொட் கணக்குத் தெரியாமல் கதைக்கக் கூடாது. வோர்லொக் ஐந்தில் மந்திரம் போட மூன்றாம் லெவல் ஸ்லொட் இரண்டு. ஷோர்ட் ரெஸ்ட் எடுத்தால் திரும்ப நிரம்பும், லோங் ரெஸ்ட்டுக்கு முன் இரண்டு தரம் எடுக்கலாம். ஆக, ஸ்லொட்டைச் செலவழித்து அடியைப் பலமாக்கும் ஸ்மைட் ஆறு, பலடின் ஸ்லொட் தனி. வாளையும் கரிஸ்மா என்ற கவர்ச்சிப் புள்ளியிலேயே வீசலாம். ஃபீட்டை வைத்து என்ன செய்வீர், பொரித்துத் தின்பீரா?

பம்பலப்பிட்டி பார்ட்: ஃபைட்டர் கிளாஸை 11ஆம் லெவல் வரை கொண்டுபோனால் ஒனர் மோட்டிலும் மூன்று அடி. கலக்கவே வேண்டாம்.

வெள்ளவத்தை வாள்: ஸ்மைட் இல்லாத அடி எல்லாம் ஒரு அடியா அக்கா?

தெஹிவளை ட்ரூயிட்: இவருக்கு ஏன் ஒனர் மோட் தெரியாது என்று சொல்லவா? யாரோ பென்டிரைவில் போட்டுக் கொடுத்த களவுக் கொப்பி, பழைய பட்ச். அதில் ஒனர் மோட்டே இல்லை!

வெள்ளவத்தை வாள்: களவைப் பற்றி நீர் கதைக்கிறீரா? போன வருசம் கொண்டுபோன என் கன்ட்ரோலர் எங்கே?

கொட்டாஞ்சேனை கொப்ளின்: ஒனர் மோட் ஸ்கிரீன்ஷொட் ஒன்று போட்டால் முடிந்தது.

வெள்ளவத்தை வாள்: கன்ட்ரோலர் வரட்டும், போடுகிறேன். மூன்று அடி.

தெஹிவளை ட்ரூயிட்: அதன் எக்ஸ் பட்டன் ஒட்டிப்போய்த்தான் என் கைக்கே வந்தது.

வெள்ளவத்தை வாள்: ஒட்ட வைத்ததே உம்முடைய மிக்சர் எண்ணெய்!