கையேட்டுக்கு இரண்டு சொல் தேவை: செல் இறப்பில் இரு வகை (சனிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளர், தக்கலை:
வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய கையேடு சனிக்கிழமை நாகர்கோவிலில் அச்சுக்குப் போகிறது. ஒரு பத்தி மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கிறது. புண்ணுக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வேலை முடிந்ததும் அப்போப்டோசிஸ் முறையில் அடங்கிச் சாகும். மேக்ரோபேஜ்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கும். விழுங்கிய பிறகே அழற்சியை விட்டுத் திசுவைக் கட்டும் பக்கம் திரும்பும். நீரிழிவில் இந்த விழுங்கல் மந்தமாகிறது. அள்ளப்படாமல் கிடப்பவை நெக்ரோசிஸில் உடைந்து, உள்ளிருப்பது கசிந்து, அழற்சி நீள்கிறது. இரண்டையும் ‘செல் இறப்பு’ என்றால் பத்தியே விளங்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுசீந்திரம்:
தம்பி, 1972-இல் கெர், வில்லி, கரி என்ற ஆய்வாளர் மூவரும் அப்போப்டோசிஸ் என்ற பெயரைக் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு வாங்கினார்கள். இதழும் இலையும் உதிர்வதே அதன் பொருள். நம்மிடம் ‘வீ’ இருக்கிறதே! பூவின் பருவங்கள் பாருங்கள்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். உதிர்ந்த பூவும் வீ, சாவதும் வீதல். குறள் 207-இல் ‘வீயாது’ வருகிறது. தோவாளைப் பூச்சந்தையை வைத்திருக்கிற மாவட்டம் இதற்குக் கிரேக்கனிடம் போகலாமா? ‘உயிரணு வீவு’ என்று போடுங்கள். மற்றதற்கு, அதாவது நெக்ரோசிஸுக்கு, ‘அழுகல்’.

மருத்துவர், நாகர்கோவில்:
ஐயா, வீவு என்று ஓ.பி.யில் சொன்னால் “வீக்கமா டாக்டர்?” என்று காலைத் தூக்கிக் காட்டுவார்கள். அழுகலும் சரிப்படாது. கிருமியே இல்லாமலும் நெக்ரோசிஸ் வரும். அழுகல் என்றதும் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்துவிடுவார்கள். ஆறவில்லை என்பதையே இங்கே “புண்ணு உணங்கல்ல” என்கிறார்கள். அதைப் போடுங்களேன்.

கணினித் துறை அன்பர், சென்னை:
உணங்கல்ல என்பது மலையாளம் இல்லையா?

தமிழாசிரியர்:
1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் என்பதற்காக எங்கள் வாயில் வருவதெல்லாம் மலையாளமா? உணங்கல் பழந்தமிழ். வெயிலில் காயவைத்த தானியத்துக்குப் பெயரே உணங்கல்!

யாழ்ப்பாணத்து அன்பர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செல்லுக்கு நாங்கள் பள்ளியிலேயே ‘கலம்’ என்றுதான் படித்தோம்.

மருத்துவர்:
இங்கே கலம் என்றால் பாத்திரம், ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
உணங்கலைப் பிறகு பேசுவோம், நாளை மறுநாள் சனி. ‘உதிர்வுச் சாவு’, ‘உடைவுச் சாவு’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அப்போப்டோசிஸ், நெக்ரோசிஸ் என்று சேர்த்துவிடுகிறேன். விழுங்கலுக்குத் தனிச்சொல் வேண்டாம், ‘செத்த செல்லை அப்புறப்படுத்துதல்’ போதும். நால்வர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.

மருத்துவர்:
சாவு என்ற சொல்லை நோயாளி கையில் கொடுப்பதா என்று ஒரு தயக்கம். ஆனால் வேறு சொல் என்னிடம் இல்லை. சரி.

தமிழாசிரியர்:
எனக்குச் சரியில்லை. உதிர்வு மயிருக்கும் பொருந்தும். அச்சகம் காத்திருக்கிறது என்பதால் விடுகிறேன். ‘செல்’ என்பதையாவது உயிரணு என்று மாற்றுங்கள், தம்பி.