பிரான்ஸில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு: இரண்டு ஷிப்டுக்கு நடுவே 11 மணி நேரம்

விடுமுறைக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்துத் தெருத் தம்பி அடுத்த மாதம் பாரிஸ் போகிறான், உணவகத்தில் வேலை. குளிருக்கு என்ன கோட்டு, வாடகை எவ்வளவு என்று எல்லாம் கேட்டான். வேலை நேரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. போன புதிதில் நானும் கேட்கவில்லை.

என் முதல் வேலையும் சமையலறையில்தான். தரை துடைத்து முடிக்க இரவு 12.30 ஆகும். காலை 9 மணிக்கு மறுபடி காய் நறுக்க நிற்க வேண்டும். போக வர நேரம் போனால் நாலு மணி நேரத் தூக்கம். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கொதிக்கிற எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டேன். இப்படி வேலை வாங்குவதே சட்டப்படி தவறு என்று ஒரு வருடம் எனக்குத் தெரியாது.

ஒருநாள் வேலை முடிந்ததிலிருந்து அடுத்த வேலை தொடங்கும் வரை தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் கணக்கில்லை, நீங்கள் உண்மையில் வேலையை முடித்த நேரம்தான் கணக்கு. 12.30க்கு முடித்தால் காலை 11.30க்கு முன் கூப்பிடக் கூடாது. மதியம் ஒரு வேளை, இரவு ஒரு வேளை என்று பிரித்துப் போடுவார்கள். நடுவில் விடும் 'கூப்யூர்' இந்த 11 மணியில் சேராது. 24 மணி நேரத்தில் 11 போனால் மீதி 13; அப்படியென்றால் காலையில் நுழைந்ததிலிருந்து கடைசியாக வெளியே வரும் வரை 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சில தொழில்களில் கூட்டு ஒப்பந்தம், அதாவது தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், இந்த 11 மணி நேர ஓய்வை 9 மணி நேரம் வரை குறைக்கலாம்; உங்களுடையது எந்த ஒப்பந்தம் என்பது சம்பளச் சீட்டிலேயே இருக்கும். நீங்களாகவே "பரவாயில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

வார ஓய்வு இந்த 11 மணி நேரத்தோடு சேர்ந்து தொடர்ச்சியாக 35 மணி நேரம். ஆறு மணி நேரம் வேலை செய்தால் 20 நிமிட இடைவேளை. ஆனால் சுயதொழிலாகப் பதிந்து சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகிறவர்களுக்கு இது எதுவும் கிடையாது. அந்த வேலைக்குப் போகும் முன் யோசியுங்கள்.

நம்மூர் முதலாளியிடம் கேட்பதுதான் கஷ்டம். இடம் பார்த்துக் கொடுத்தவர், அண்ணன் மாதிரி, எப்படிக் கேட்பது என்று வாய் வராது. எனக்கும் வரவில்லை. அப்புறம் என் தாத்தா நினைவுக்கு வந்தார், மில் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் சவானா மில்லில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அந்த ஊரிலிருந்து போகிற நாம் நேரத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதல் நாளிலிருந்தே வந்த நேரம், போன நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஷிப்ட் மாற்றி அனுப்பும் செய்திகளை அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் ஓய்வு கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான், ஆனாலும் நோட்டு கையில் இருப்பது பலம். தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில், அதாவது 'இன்ஸ்பெக்சியோன் து த்ரவாய்'இல், புகார் கொடுக்கக் காசு கிடையாது. கொடுத்தது யார் என்பதை அதிகாரி முதலாளியிடம் சொல்லக் கூடாது.

சரி, உங்கள் ஷிப்ட் நேரத்தைக் கீழே எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.