செல்லிக்குக் கிட்னி போச்சு என்றார்கள். கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சிப்புட் தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் செல்லி என்று ஒரு கிரேஹவுண்ட் இருக்கிறாள், வயது ஏழு. அண்ணன் மெல்பர்னில் வேலை பார்த்தபோது, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாயை எடுத்து வளர்த்தார். ஊருக்குத் திரும்பும்போது அவளை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. காதைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை குத்திய எழுத்துகள் இன்னும் தெரியும்.

போன மார்ச்சில் பல் சுத்தம் செய்யக் கொண்டு போனோம். மயக்க ஊசிக்கு முன் ரத்தம் பார்த்துவிடலாம் என்றார்கள். ரிப்போர்ட்டில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 168 மைக்ரோமோல், பக்கத்தில் சிவப்புக் குறி. அந்த லேபின் மேல் எல்லை 159. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 118 ஆயிரம், அதற்கும் சிவப்புக் குறி. கிட்னி வெளியேற்றும் இன்னொரு கழிவான யூரியா 6.8 என்று சரியாகவே இருந்தது, ஆனால் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "சிறுநீரக நோய், இரண்டாம் நிலை. இனி இறைச்சி வேண்டாம்" என்று சொல்லி, கிட்னிக்கான தனித் தீவனப் பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பல்லையும் தொடவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கிரியேட்டினின் புதிய சொல் இல்லை. மாமா இனிப்பு நீரால் கிட்னி பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்க் கொண்டிருந்தவர். அவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அம்மாதான். அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா செல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாளில் இருந்து கோழி நின்றது. செல்லி தட்டை மூக்கால் தள்ளிவிட்டு அம்மா முகத்தையே பார்ப்பாள். ஆறு வாரத்தில் 29 கிலோவில் இருந்து 26.5க்கு இறங்கினாள். தொடைச் சதை வற்றி இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

மனம் கேட்காமல் ஈப்போவில் வேறு ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் படித்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மூத்திரம் பார்த்தார்களா?" யாரும் பார்க்கவில்லை. செல்லியின் மூத்திரத்தில் ஒரு சொட்டை ஒரு சின்னக் கருவியின் கண்ணாடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு 1.042இல் நின்றது. "கெட்டுப்போன கிட்னியால் இவ்வளவு கெட்டியாக மூத்திரம் பிரிக்க முடியாதும்மா" என்றார். நாய்க்கு 1.030ஐத் தாண்டினாலே போதுமாம். மூத்திரத்தில் புரதமும் போகவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கிரியேட்டினின் என்பது தசையில் இருந்து வரும் கழிவு. தசை கூடினால் கழிவும் கூடும். கிரேஹவுண்டின் உடம்பில் பெரும்பங்கு தசைதானே! மற்ற நாய்களை வைத்து எழுதிய எல்லைக்குள் இவர்கள் அடங்க மாட்டார்கள். ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கே 160, 180 என்று வரும். பழைய ரிப்போர்ட்டும் வெளிநாட்டு ரிப்போர்ட்டும் மில்லிகிராமில் இருந்தால் 88.4ஆல் பெருக்கிப் பாருங்கள். செல்லியின் 168 என்பது 1.9. இன்னொன்றும் சொன்னார். கிட்னி நோயின் நிலைகளைப் பிரிக்கும் அட்டவணையில் 125 முதல் 250 வரை இரண்டாம் நிலை. நோய் இருப்பது வேறு வழியில் உறுதியான பிறகுதான் அந்த அட்டவணையை எடுக்க வேண்டும். வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் நல்லா ஓடுகிற கிரேஹவுண்டுகூட இரண்டாம் நிலை நோயாளி ஆகிவிடும்.

பிளேட்லெட் குறைவதும் இந்த இனத்துக்கு இயல்புதானாம். சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருக்கும், தைராய்டு குறைவாகக் காட்டும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லெர்மோ கூட்டோ என்ற டாக்டர் கிரேஹவுண்ட் ரத்தத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார் என்றார். ஆனாலும் உண்ணிக் காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும் என்பதால், "தோட்டத்து நாய், உண்ணிக் காய்ச்சல் இல்லை என்று பார்க்காமல் விட மாட்டேன்" என்று அதற்கும் சோதித்தார். இல்லை என்று வந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மா அரைக் கோழியை அவித்துப் பிய்த்து வைத்தார்.

உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.

கேரித் தீவுக்காரன்

தங்கச்சி, செல்லி நல்லா இருக்கிறாள் என்று படித்து சந்தோஷம். எங்கள் கதை நேர்மாறாகப் போனது. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ராஜாவுக்கு ஒன்பது வயதில் கிரியேட்டினின் 150. நான் ஏற்கெனவே கிரேஹவுண்டைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே "இந்த இனத்துக்கு இது சாதாரணம் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். நாலு மாதம் கழித்து 190. அப்போதும் அதையேதான் சொன்னேன். செம்பனைத் தோட்டத்தில் என்னோடு காலை நடைக்கு வருகிறான், சாப்பிடுகிறான், அப்புறம் என்ன என்று இருந்தேன்.

வீட்டில் என் மனைவிதான் கவனித்தாள். "தண்ணிச் சட்டி ஒரு நாளைக்கு மூணு தடவை காலியாகுதுங்க" என்றாள். முன்னே ஒரு தடவை நிரப்பினால் சாயந்திரம் வரை இருக்கும். வெயிலால் என்று நினைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவைச் சுரண்ட ஆரம்பித்த பிறகுதான் கொண்டு போனேன். கிரியேட்டினின் 230. மூத்திரம் 1.011, கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர். புரதமும் கொட்டிக்கொண்டிருந்தது. புரதத்தையும் மூத்திரத்தில் உள்ள கிரியேட்டினினையும் ஒப்பிட்டு ஒரு கணக்குப் போடுவார்கள், 0.5க்கு மேல் போகக் கூடாது. அவனுக்கு 2ஐத் தாண்டிவிட்டது. கிட்னியில் மூன்றில் இரண்டு பங்கு செயல் போனதும் மூத்திரம் கெட்டியாவது குறையும், நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் எண் ஏறும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அந்த 150இலேயே மூத்திரத்தையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தீவனம் மாற்றி, பிரஷர் மாத்திரை கொடுத்து, பதினான்கு மாதம் வைத்திருந்தோம். நடைக்கு வருவதைக் கடைசி வாரம் வரை அவன் விடவில்லை. 'இந்த இனத்துக்குச் சாதாரணம்' என்ற வார்த்தையை மூத்திரம் பார்க்காமல் யாரும் சொல்லாதீர்கள். 168இல் நின்றுகொண்டிருப்பது வேறு, 150இல் இருந்து 190க்கு ஏறுவது வேறு. நான் அந்த ஏற்றத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

இந்தான் நர்ஸ்

தெலுக் இந்தானில் கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். அண்ணன் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. கையில் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரத்தம் எடுப்பதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். இறைச்சி சாப்பிட்டுவிட்டு வந்தால் கிரியேட்டினினும் யூரியாவும் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். நம்ம ஊர் வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும் ஏறும். ஆனால் அப்போது மூத்திரம் கெட்டியாக இருக்கும், அதை வைத்தே பிரித்துவிடலாம். வலி மாத்திரை எதுவும் கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூத்திரம் காலையில் முதல் தடவை போவதாக இருக்க வேண்டும். பொட்டை நாய் குனிந்ததும் பாத்திரத்தோடு ஓடினால் மிரண்டு நிறுத்திவிடும். கழுவிக் காய வைத்த குழம்புக் கரண்டியை மாப் குச்சியின் நுனியில் டேப் போட்டுக் கட்டுங்கள். நீங்கள் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், இரண்டு வினாடி போகட்டும், அப்புறம் பின்பக்கமாக நீட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வர முடியாவிட்டால் மூடி போட்டுப் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டு வாருங்கள்.

கிட்னியைப் பார்க்க எஸ்டிஎம்ஏ என்று இன்னொரு ரத்தச் சோதனை இருக்கிறது. தசையைப் பொறுத்து மாறாது என்பதால் பலர் கேட்கிறார்கள். நல்ல சோதனைதான், ஆனால் கிரேஹவுண்டுக்கு அதுவும் மற்ற நாய்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். எல்லை 14 என்று போட்டிருக்கும். 16 வந்தால் பயந்துவிட வேண்டாம், மூத்திரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

நாய் திடீரென்று சோர்ந்து, வாந்தி எடுத்து, கண் மஞ்சளித்து, கிரியேட்டினினும் எகிறினால் இனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தோட்டப்புறத்தில் எலி மூத்திரக் காய்ச்சல் சர்வ சாதாரணம். அன்றைக்கே கொண்டு வர வேண்டும். மனிதருக்கும் தொற்றும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கூலிம் பையன்

அக்கா, எங்கள் வீட்டில் சாதாரண நாட்டு நாய், 14 கிலோதான். கிரியேட்டினின் 165 வந்திருக்கிறது. செல்லியைப் போல விட்டுவிடலாமா?

இந்தான் நர்ஸ்

வேண்டாம் தம்பி. 14 கிலோ நாட்டு நாய்க்கு 165ஐத் தசைக் கணக்கில் சேர்க்க முடியாது. நாளைக் காலையே மூத்திரத்தோடு போய்ப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுங்கள்.

சிப்புட் தங்கச்சி

அண்ணே, ராஜாவைப் பற்றிப் படித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ச் செல்லியின் தண்ணிச் சட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

போன வாரம் மறுபடியும் ஈப்போ போய் வந்தோம், அதே லேப்தான். கிரியேட்டினின் 165, மூத்திரம் 1.038, எடை 28.6. பல்லும் சுத்தம் செய்தாயிற்று. மாமாவின் டயாலிசிஸ் எண்களை எழுதி வந்த நீல அட்டை நோட்டில் பின்பக்கம் நிறைய தாள் மிச்சம் இருந்தது. அம்மா அதைத் திருப்பி வைத்து, செல்லி என்று தலைப்புப் போட்டு, மார்ச்சில் இருந்து எல்லா எண்ணையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். தண்ணிச் சட்டி எத்தனை தடவை நிரம்பியது என்பதற்கும் இன்று காலையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்.