எண்ணெய்க் கிணற்றுக்கு நிலம் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கொரடாச்சேரிக்காரர்:

எண்ணெய்க் கிணறு தோண்ட எங்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டு வந்தபோது, யாரிடம் போய் யோசனை கேட்பது என்று தெரியாமல் அப்பா பல நாள் தூங்கவில்லை. இன்னொருவருக்கு அந்த நிலை வரக்கூடாது. அதனால் எங்களுக்கு நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

2008 மாசி. தாளடி நெல் அறுத்த வயலில் உளுந்து பூத்திருந்தது. அதன் நடுவே சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுவாரம் எண்ணெய்க் கம்பெனியின் நில அதிகாரி வீட்டுக்கு வந்தார். 5 ஏக்கர், எங்கள் கணக்கில் 15 மா. மூன்று வருடக் குத்தகை, தேவைப்பட்டால் நீட்டிப்பு. மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் சொன்னேன். "ராயல்டி எத்தனை சதவீதம்?" என்றார். எடுக்கிற எண்ணெயின் மதிப்பில் கிடைக்கும் பங்கைக் கேட்டார். அங்கே பூமிக்கு அடியில் இருப்பதும் நிலத்துக்காரருக்கே சொந்தமாக இருக்கலாம். பென்சில்வேனியாவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்து ராயல்டி எழுதவே சட்டம் விடாது. இங்கே கதை வேறு. நம் வயலுக்கு அடியில் எண்ணெய் வந்தால் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். நமக்கு மேல்மண்ணுக்கான வாடகையும் பயிர் நஷ்டமும் மட்டும்தான். இது தெரிந்த பிறகுதான் எதைப் பேசலாம், எதைப் பேசிப் பயனில்லை என்று எனக்குப் பிடிபட்டது.

அவர்கள் போட்டு வந்த கணக்கில் ஒரே ஒரு போகம் இருந்தது. எங்கள் வயல் போர் தண்ணீரில் குறுவை, அப்புறம் தாளடி, கடைசியில் உளுந்து என்று மூன்றும் எடுக்கிற வயல். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்குதான் அடங்கல். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அதன் ஐந்து வருட நகல் வாங்கினேன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீதுகளைத் தேடி எடுத்தேன். மாவுக்கு எத்தனை மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, வைக்கோல் என்ன விலை போனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். அதிகாரி மூன்று முறை புரட்டிப் பார்த்தார். தொகை ஏறியது. சத்தம் போட்டுப் பேசியிருந்தால் ஏறியிருக்காது, அடங்கல்தான் பேசியது.

அடுத்தது வடிகால். லாரி போகப் பாதை போட வேண்டும், அது வடிகாலைத் தாண்ட வேண்டும். ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்து மண்ணைத் தள்ளிவிடலாம் என்றார்கள். ஐப்பசி அடைமழையில் எங்களுக்கு மேற்கே இருப்பவர்கள் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். வாய் சின்னதாக இருந்தால் அவர்கள் நாற்று அழுகிப்போகும். பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேரையும் அழைத்துப் போய் உட்கார வைத்தேன். மூன்று குழாய் போட ஒத்துக்கொண்டார்கள். அதையும் எழுத்தில் வாங்கினோம்.

இவ்வளவு பார்த்த நான் ஒரு சொல்லைப் பார்க்காமல் விட்டேன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்ததால் வக்கீலை வைத்து வரிக்கு வரி தமிழில் கேட்டோம். கடைசிப் பக்கத்தில், "குத்தகை முடிந்ததும் நிலம் இயன்றவரை பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டு ஒப்படைக்கப்படும்." சரி, நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தோம்.

வயல் மேல் நான்கடி உயரத்துக்கு கிராவல் கொட்டி இறுக்கினார்கள். துளை போடும் ரிக் வந்தது, இரவெல்லாம் பகல் போல வெளிச்சம். கிணறு தேறவில்லை. குத்தகை முடிந்ததும் கிராவலை அள்ளிக்கொண்டு போனார்கள். மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன், 'ணங்' என்று கை அதிர்ந்தது. அப்பா குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பாதி சிவப்புச் சரளை. கழிவுச் சேற்றுக்குக் குட்டை வெட்டியிருந்த மூலையில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு துண்டு துண்டாக ஏரில் மாட்டிக்கொண்டு வந்தது. எழுபது வருடம் எருவும் ஆட்டுக்கிடையும் போட்டு வளர்த்த மேல்மண் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கேட்டால் அதே வரியைக் காட்டினார்கள். மூன்று குறுவை பூத்தது, பால் பிடிக்கவில்லை.

மடத்து நிலம்:

அண்ணா, உங்களுக்குப் பட்டா உங்கள் பெயரில். எங்களுக்கு அதுவும் இல்லை. தாத்தா காலத்திலிருந்து மடத்து நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். கம்பெனி நேரே மடத்தோடு பேசி முடித்துவிட்டது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குத்தகைதாரராகப் பதிவு செய்து வைத்திருந்ததால் தாசில்தாரிடம் மனு கொடுத்து பயிர் நஷ்டத்தை எங்கள் பெயருக்கு வாங்க முடிந்தது. பக்கத்து வயல் சித்தப்பாவுக்கும் அதே பாடுதான், ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை. நட்ட நாற்றுக்குக்கூட ஒரு ரூபாய் வரவில்லை. அவர் அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதிவு செய்யாத குத்தகைக்காரர்கள் இதைப் படித்தால் முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

காங்கேயம் தோப்பு:

எங்களுக்குக் கிணறு இல்லை, எரிவாயுக் குழாய். ஏழு மேற்கு மாவட்டங்கள் வழியாகப் போவது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விளைநிலம் வழியாகவே போகலாம் என்றுவிட்டது. இதில் பேரம் என்பதே வேறு மாதிரி. 1962-ம் வருடச் சட்டப்படி நிலம் நம் பெயரிலேயே இருக்கும், குழாய் புதைக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நில மதிப்பில் 10 சதவீதம், மரத்துக்கும் பயிருக்கும் தனியாக நஷ்டஈடு. அப்புறம் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னைக்காரனுக்கு அது நிலத்தையே கொடுத்த மாதிரிதான்.

ஒன்று முக்கியம். அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். என் பங்காளி ஒருவர், எல்லாரும் எதிர்க்கிறார்களே, நின்றுவிடும் என்று சும்மா இருந்துவிட்டார். தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம் என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது.

குத்தாலம் மருமகள்:

மாமனார் கொடுத்த பழைய குத்தகை. இப்போது புதுப்பிக்கக் கையெழுத்து கேட்கிறார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிவிட்டார்களே, பிறகு எப்படிக் கேட்கிறார்கள்? என்ன சொல்லட்டும்?

கொரடாச்சேரிக்காரர்:

தங்கச்சி, அந்தச் சட்டம் புதிய கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. அதனால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், அவகாசம் கேளுங்கள். கிராவல் கொட்டாத மூலையிலிருந்து மண் எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அந்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிலை என்ன என்பதற்கு அதுதான் சாட்சி. புது ஒப்பந்தத்தில் கிராவல் முழுக்க எடுப்பது, வெளியிலிருந்து எத்தனை லோடு வண்டல் கொண்டுவந்து நிரப்புவது, குட்டையை யார் சுத்தம் செய்வது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நிலம் திரும்ப விளைகிற வரைக்கும் வாடகை ஓட வேண்டும் என்பதையும் கேளுங்கள். அதற்குத்தான் முரண்டு பிடிப்பார்கள், விடாதீர்கள்.

வரைவு கைக்கு வந்ததும் பெயர், சர்வே எண்ணை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம். 'இயன்றவரை' எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.